ஓயாத குடலில் சொட்டு மருந்து

ஒத்தக்கடை போன்ற ஊர்களில் பிறக்கும் குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசியோடு ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும் புகட்டுகிறார்கள். பத்தாவது, பதினான்காவது வாரங்களிலும் அப்படியே. கைக்குழந்தைகளைக் கடும் வயிற்றுப்போக்கில் தள்ளி, உடம்பின் நீரை வற்றவைக்கும் வைரஸ் அது. தமிழ்நாட்டில் இந்த மருந்து 2017-ல் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது.

இந்தியாவில் உருவான ரோட்டாவேக் மருந்தை டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள். முதல் ஆண்டில் கடும் ரோட்டா வயிற்றுப்போக்கு ஏறக்குறைய 56 சதவீதம் குறைந்தது. மருந்தில் குறையா? இல்லை. ஐரோப்பாவில் 90 சதவீதத்துக்கு மேல் காத்த இன்னொரு ரோட்டா மருந்து, ஆப்பிரிக்காவின் மலாவியில் 49 சதவீதமே காத்தது. மருந்து ஒன்றுதான், குடல்தான் வேறு.

இதை முதலில் கண்டு சொன்னவர்களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சிஎம்சி) டி. ஜேக்கப் ஜான் முக்கியமானவர். போலியோ சொட்டு மருந்து வெப்பமண்டலக் குழந்தைகளிடம் போதிய எதிர்ப்பாற்றலை உண்டாக்கவில்லை என்று 1972-லேயே எழுதினார். தவணைகளைக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்றார். போலியோவை ஒழிக்கும்போது இந்தியா கடைசியில் செய்ததும் அதுதான்.

குடலில் அப்படி என்ன நடக்கிறது?

சிறுகுடலின் உட்சுவரில் விரல் விரலாக நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகள்தாம் சத்தை உறிஞ்சுகின்றன. அந்தச் சுவரை ஒட்டியே உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பகுதி குடியிருக்கிறது. அசுத்தமான தண்ணீர், மண், ஈ மொய்த்த உணவு வழியாகக் கிருமிகள் நாள்தோறும் வந்தால், இந்த அணுக்கள் ஓய்வின்றிப் போரிடுகின்றன. அழற்சி அடங்குவதே இல்லை. உறிஞ்சிகள் குட்டையாகி, தட்டையாகிவிடுகின்றன. சுவரும் கசியத் தொடங்குகிறது. குழந்தைக்குப் பேதிகூட இருக்காது, ஆனால் தின்னும் சோறு உடம்பில் ஒட்டாது. சொட்டு மருந்தில் உள்ள வலுவிழந்த வைரஸ் இந்தச் சந்தைக் கூட்டத்துக்குள்தான் இடம்பிடிக்க வேண்டும். தாயிடமிருந்து கருவிலும் பாலிலும் வந்த எதிர்ப்பொருள்களும் அதைத் தடுக்கின்றன. அதற்காகத் தாய்ப்பாலைக் குறை சொல்வது பெருந்தவறு. அந்தக் குழந்தைக்கு அதைவிடப் பெரிய காப்பு கிடையாது.

இது இனத்தின் கோளாறும் அல்ல. அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் தங்கிய அமெரிக்கத் தொண்டர்களின் குடலும் இதே போல மாறியது. ஊர் திரும்பியபின் சீரடைந்தது. நியூயார்க்கில் குடியேறிய இந்தியர்கள், பாகிஸ்தானியர்களின் குடலும் நாளடைவில் தேறியதை 1971-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. தண்ணீரும் சுற்றுப்புறமும் மாறினால் குடலும் மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நோயின் பழியைத் தாயின் வளர்ப்பின் மீது போடும் பேச்சு இன்னும் ஓயவில்லை என்பதுதான் வேதனை.

அப்படியானால் கிருமிகளை மருந்தால் குறைத்துவிட்டால்? வேலூரில் அதையும் பார்த்தார்கள். போலியோ சொட்டுக்கு முன் குழந்தைகளுக்கு அசித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தார்கள். குடலில் நோய்க்கிருமிகள் குறைந்தன. சொட்டு மருந்தின் பலனோ கூடவில்லை. 2016-ல் இந்த முடிவு வெளியானது.

வேறொரு வழி பலித்தது. ஏற்கெனவே போலியோ சொட்டு பெற்ற குழந்தைகளுக்கு வேலூரில் ஒரு போலியோ ஊசி போட்டார்கள். பிறகு சொட்டு கொடுத்துப் பார்த்தபோது, மலத்தில் வைரஸை வெளியேற்றிய குழந்தைகள் குறைந்திருந்தனர். தசையில் போட்ட ஊசி, குடலில் ஏற்கெனவே பதிந்திருந்த எதிர்ப்பு நினைவைத் தட்டி எழுப்பியிருக்கிறது. 2014-ல் வந்த இந்த முடிவுக்குப் பின், போலியோ ஊசி நாட்டின் தடுப்பூசி அட்டவணையிலும் ஏறிவிட்டது.