நம்லாக்கை யார் போட்டது?

‘குமார்’ என்ற பெயரை ஆங்கிலத்தில் அடிக்க கே, யூ, எம், ஏ, ஆர் என்று ஐந்து விசைகளைத் தட்ட வேண்டும். எண்களுக்கென்று தனிப் பகுதி இல்லாத சில லேப்டாப்களில், எண்களுக்கு மாற்றும் நம்லாக் போட்டிருந்தால் அதே ஐந்து விசைகளுக்கு 2, 4, 0, ஏ, ஆர் என்று விழும். ஜே, கே, எல் மூன்றும் 1, 2, 3 ஆகின்றன, யூ, ஐ, ஓ மூன்றும் 4, 5, 6 ஆகின்றன, எம் பூஜ்யமாகிறது. தமிழ்99 முறையில் தட்டச்சு செய்பவருக்கு இடக்கையின் உயிரெழுத்துகள் ஒழுங்காக வரும். வலக்கையின் ற, ன, ட, ப, ம, த, ர எல்லாம் எண்களாக விழும்.

பாஸ்வேர்டு கேட்கும் திரையில் இது நடந்தால் இன்னும் சங்கடம். அடித்ததெல்லாம் புள்ளிகளாகத்தான் தெரியும் என்பதால் பாஸ்வேர்டு மறந்துவிட்டது போலத் தோன்றும். நம்லாக்கை எடுத்துவிட்டால் அப்போதைக்குச் சரியாகிவிடும். மறுநாள் லேப்டாப்பைப் போட்டால் திரும்பவும் வந்து நிற்கும். தனி எண்பகுதி உள்ள பெரிய லேப்டாப்களில் தொல்லை தலைகீழ்: எண் வேண்டும் என்பவருக்கு ஒவ்வொரு முறையும் நம்லாக் அணைந்தே இருக்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அதைப் பிடிக்க இந்த விசையின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் பி.சி.யின் கீபோர்டில் 83 விசைகள். அம்புக்குறிகளுக்கென்று அதில் தனி விசைகள் கிடையாது. வலப்பக்க எண்விசைகளே அந்த வேலையையும் பார்த்தன: 8 என்றால் மேலே, 2 என்றால் கீழே. ஒரே விசைக்கு இரண்டு வேலை என்பதால், இப்போது எது என்று சொல்ல நம்லாக் தேவைப்பட்டது. அது போட்டிருக்கிறதா இல்லையா என்று காட்ட அந்தக் கீபோர்டில் ஒரு விளக்குகூட இல்லை. விளக்குகள் 1984-இல் வந்த ஏ.டி. கணினியின் கீபோர்டில்தான் சேர்ந்தன. அடுத்து வந்த 101 விசைக் கீபோர்டில் அம்புக்குறிகள் தனியே பிரிந்தன. இனி வலப்பக்கம் முழுக்க எண்களுக்கே என்று ஆனதால், கணினி உயிர்பெறும்போதே நம்லாக்கைப் போட்டுவிடும் வழக்கம், கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் மென்பொருளில் புகுந்தது. மேசைக் கணினிக்கு அது நல்ல முடிவு. இடநெருக்கடியால் எண்பகுதியை எழுத்துகளுக்கு மேலேயே ஏற்றிவைத்த லேப்டாப்பில், அதே வழக்கம் எழுத்துகளை விழுங்கத் தொடங்கியது.

நம்லாக் போட்டிருக்கிறது என்ற தகவல் எங்கே இருக்கிறது? கீபோர்டில் இருக்கும் என்றுதான் பலரும் நினைப்போம். பி.சி. கீபோர்டுக்கு அது தெரியாது. முதல் பி.சி.யில் நம்லாக் விசையை அழுத்தினால் 69 என்ற எண்ணும், விட்டால் 197 என்ற எண்ணும் கணினிக்குப் போயின. கீபோர்டின் வேலை அதோடு முடிந்தது. பழைய பயாஸ் கணினிகளில், நினைவகத்தின் 1047-ஆவது பைட்டில் உள்ள எட்டு பிட்டுகளில் ஒன்று இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அந்தப் பிட் 1 என்றால் நம்லாக் போட்டிருக்கிறது, 0 என்றால் இல்லை. இன்றைய இயங்குதளங்கள் இந்தத் தகவலைத் தங்களிடமே வைத்துக்கொள்கின்றன. முறை மட்டும் மாறவில்லை. பிட் மாறியதும், விளக்கைப் போடு என்று கணினி கீபோர்டுக்குச் சொல்கிறது. பல லேப்டாப்களில் கீபோர்டைக் கவனிக்கும் சின்ன கண்ட்ரோலர் சில்லு அந்த உத்தரவைப் பார்த்துத்தான், யூ விசையை இனி 4 என்று அனுப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்கிறது. விளக்குக்காகப் போகும் ஒரு செய்தி எழுத்துகளையே மாற்றிவிடுகிறது!

பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து டெஸ்க்டாப் வரும்வரை இந்த ஒரு பிட்டின் மேல் பலருக்கு அதிகாரம் உண்டு. வகுப்பறைக் கரும்பலகையைப் போலத்தான்: ஒவ்வொருவரும் அழித்துவிட்டு எழுதலாம், கடைசியாக எழுதியதுதான் நிற்கும். முதலில் எழுதுவது பயாஸ், அல்லது அதன் இன்றைய வாரிசான யூ.இ.எஃப்.ஐ. அடுத்து இயங்குதளத்தின் லாகின் திரை. அதற்கடுத்து, உள்ளே நுழைந்த பயனரின் சொந்த அமைப்பு.

விண்டோஸில் பின்னிரண்டும் வேறு வேறு என்பது பலருக்குத் தெரியாத சங்கதி. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இனிஷியல்கீபோர்டுஇண்டிகேட்டர்ஸ் என்ற பதிவு ஒவ்வொரு பயனருக்கும் உண்டு. யாரும் இன்னும் உள்ளே நுழையாத லாகின் திரைக்கு, டாட் டிஃபால்ட் என்ற தலைப்பின் கீழ் இதே பதிவு தனியாக இருக்கிறது. 0 என்றால் நம்லாக் அணைந்திருக்கும், 2 என்றால் போட்டிருக்கும். சில கணினிகளில் 2147483648 என்ற பெரிய எண்ணைக் கண்டு மிரள வேண்டாம். 32 பிட்டுகளில் உச்சியில் உள்ள ஒன்று மட்டும் 1 ஆனால் வரும் எண் அது. அதோடு நம்லாக்கின் 2-ஐயும் கூட்டினால் 2147483650. தன் பெயரிலுள்ள பதிவை மட்டும் மாற்றிவிட்டு லாகின் திரையில் மாற்றம் தெரியவில்லையே என்பவர், தவறான இடத்தில் சரியான வேலையைச் செய்திருக்கிறார்.

ஆகவே நம்லாக் எப்படி அணையும் என்று தேடுவதற்கு முன், எப்போது விழுகிறது என்று கவனிக்க வேண்டும். கணினியை ரீஸ்டார்ட் செய்து விளக்கின் மேல் கண் வையுங்கள். விளக்கு இல்லாத மாடல் என்றால், பாஸ்வேர்டு பெட்டியில் இரண்டெழுத்து அடித்துவிட்டுப் பக்கத்திலுள்ள கண் குறியை அழுத்திப் பாருங்கள்.

நிறுவனத்தின் லோகோ தெரியும்போதே விளக்கு எரிந்தால், எழுதியது பயாஸ். எஃப்2, எஃப்10, டெலீட் என்று மாடலுக்கு ஏற்ற விசையை அழுத்தி பயாஸ் செட்டப்புக்குள் போய், நம்லாக் என்ற வரி இருந்தால் அணைத்துவிடலாம். லோகோவில் அணைந்திருந்து லாகின் திரையில் எரிந்தால், டாட் டிஃபால்ட் பதிவைப் பார்க்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியைத் தொடுமுன் ஒரு பிரதி எடுத்துவைப்பது கட்டாயம். உள்ளே நுழைந்த பிறகுதான் எரிகிறது என்றால் பயனரின் பதிவு, தானாகத் தொடங்கும் ஏதாவது மென்பொருள் என்று அங்கே தேடலாம். யூ.எஸ்.பி.யில் வெளிக் கீபோர்டு செருகியிருந்தால் அதைக் கழற்றிவிட்டும் ஒருமுறை பாருங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி, ஷட்டவுன் செய்யும்போது இயங்குதளத்தின் மையப் பகுதியை அப்படியே டிஸ்க்கில் சேமித்துவைத்து, மறுமுறை அங்கிருந்தே எழுப்புகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாக இருந்து, ஷட்டவுன் செய்து போட்டால் பழையபடி ஆகிறது என்றால், பவர் ஆப்ஷன்ஸில் இந்த வசதியை அணைத்துப் பார்க்கலாம்.

லேப்டாப்பில் நம்லாக் விசையே தென்படவில்லை என்றால் எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்தும்படி வேறொரு விசையின் மூலையில் அச்சிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் லாகின் திரையிலுள்ள அணுகல்தன்மைக் குறியைத் தொட்டுத் திரைக் கீபோர்டை வரவழைக்கலாம். அதன் ஆப்ஷன்ஸில் எண்பகுதியைச் சேர்த்தால் நம்லாக் விசையும் கூடவே வரும்.

இது விண்டோஸோடு நிற்கும் சங்கதி இல்லை. 1993-இல் வந்த எம்.எஸ்.-டாஸ் 6-லேயே, நம்லாக் தொடக்கத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி எழுதும் வசதி இருந்தது. லினக்ஸின் கே.டி.இ. அமைப்புகளில் போடு, அணை, இருப்பதை அப்படியே விடு என்று மூன்று தேர்வுகள் இருக்கின்றன. எந்தக் கணினியாக இருந்தாலும் ஒரே முறைதான்: அந்தப் பிட்டை எழுதக்கூடியவர்களை வரிசைப்படுத்து, எந்தக் கட்டத்தில் மாறுகிறது என்று பார், அங்கே மட்டும் கை வை. வைஃபை தானாக அணைவதும், ஒலி ஊமையாகியே தொடங்குவதும், திரை வெளிச்சம் தினமும் பழைய அளவுக்குத் திரும்புவதும் பெரும்பாலும் இதே வகைக் கோளாறுகள். எப்போது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால், யார் என்பது தானே தெரிந்துவிடும். கணினி படித்தவர்தான் இதைச் செய்ய முடியும் என்பதில்லை. பொறுமையாகக் கவனிக்கத் தெரிந்த யாரும் செய்யலாம்.