இணையப் பக்கத்தில் எழுதும் கை

திருமண அழைப்பிதழ் ஒன்றைக் கைப்பேசியில் திறக்கிறீர்கள். வெற்றுத் திரையில் ஒரு கோடு முளைக்கிறது. வளைகிறது, சுழிக்கிறது, மணமக்களின் பெயராக விரிகிறது. யாரோ பேனா பிடித்து எழுதுவது போலவே இருக்கும். உண்மையில் அங்கே யாரும் எதையும் எழுதவில்லை. முழுப் பெயரும் முதலிலிருந்தே அங்கேதான் இருக்கிறது, கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை.

நெடுஞ்சாலையின் நடுவே விட்டுவிட்டுப் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கோடு, கொஞ்சம் இடைவெளி. அந்தக் கோட்டுத் துண்டு ஒன்றைச் சாலையின் முழு நீளத்துக்கும் இழுத்துவிடுவோம். இடைவெளியையும் அதே நீளத்துக்கு இழுப்போம். இப்போது இடைவெளி சாலைமேல் கிடந்தால் சாலை முழுக்கக் கறுப்பு. அந்த அமைப்பை மெல்ல நகர்த்தினால், ஒரு முனையிலிருந்து வெள்ளைக் கோடு உள்ளே நுழைந்து சாலை நெடுக ஊர்ந்து வரும். வித்தை முழுவதும் இவ்வளவுதான்.

இதற்கு இடம் கொடுப்பது எஸ்விஜி என்ற பட வடிவம். 2001 செப்டம்பரில் டபிள்யூ3சி அமைப்பு இதை இணையத் தரமாக அறிவித்தது. ஒளிப்படம் போல நிறப் புள்ளிகளாகச் சேமிக்காமல், ‘இங்கே தொடங்கு, இவ்வளவு தூரம் போ, இப்படி வளை’ என்று கட்டளைகளாகச் சேமிப்பதால், எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு மங்காது. கோட்டைத் துண்டுகளாக்க ‘டாஷ்அரே’, அந்தத் துண்டுகளை நகர்த்த ‘டாஷ்ஆஃப்செட்’ என்று அதில் இரண்டு பண்புகள் உண்டு. இரண்டுமே பழைய சரக்கு. அடோபி நிறுவனம் 1984இல் அச்சுப்பொறிகளுக்காகக் கொண்டுவந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியிலேயே இவை இருந்தன. காகிதத்தில் புள்ளிக்கோடு போட வந்த வசதி அது. அதை எழுதும் பேனாவாக மாற்றும் முறையை 2013இல் ஜேக் ஆர்ச்சிபால்ட் என்ற இணைய நிரலாளர் தெளிவாக விளக்கி எழுதினார்; அதன் பிறகுதான் வடிவமைப்பாளர்கள் பலர் இதைக் கையில் எடுத்தார்கள்.

‘ட’வை எடுத்துக்கொள்வோம். மேலிருந்து கீழே 80 அலகு, அங்கிருந்து வலப்பக்கம் 60 அலகு. மொத்த நீளம் 140. துண்டும் 140, இடைவெளியும் 140 என்று வைத்து, நகர்வையும் 140 ஆக்கினால் எழுத்து மறைந்துவிடும். நகர்வு 100 ஆகக் குறையும்போது 40 அலகு தெரியும், அதாவது செங்குத்துக் கோட்டில் பாதி. 60க்கு வரும்போது பேனா மூலையைத் தொட்டிருக்கும். பூஜ்ஜியத்தில் எழுத்து முடிந்துவிடும். கோட்டின் முனையை உருண்டையாக வைத்தால், எழுத்து மறைந்திருக்க வேண்டிய நேரத்திலும் சில உலாவிகளில் முனையில் ஒரு பொட்டு மட்டும் எட்டிப்பார்க்கும். இடைவெளியை ஓர் அலகு கூட்டி, நகர்வையும் லேசாகத் தள்ளிவிட்டால் அது போய்விடும்.

‘ட’வின் நீளத்தை மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். ‘ண’வுக்கு அது நடக்காது. வளைவுகளை எஸ்விஜி பெசியே கோடுகளாக எழுதுகிறது. கார்களின் வளைந்த உடலைக் கணக்கில் பிடிக்க, பிரான்ஸில் சித்ரோவன் நிறுவனத்தின் பால் த காஸ்தல்ஜோவும் ரெனோ நிறுவனத்தின் பியர் பெசியேயும் தனித்தனியாகக் கண்ட கணிதம் இது. காஸ்தல்ஜோ 1959இலேயே கண்டுபிடித்துவிட்டார். நிறுவனம் அதை ரகசியமாக வைத்துக்கொண்டதால் பெயர் பெசியேவுக்குப் போனது. நான்கு புள்ளிகள் கொடுத்தால் அழகான வளைவு கிடைத்துவிடும். ஆனால் அந்த வளைவின் நீளத்தைச் சொல்லும் எளிய சூத்திரம் பொதுவாகக் கிடையாது. உலாவி அதைச் சின்னஞ்சிறு நேர்க்கோடுகளாக நறுக்கி, கூட்டித்தான் நீளத்தைச் சொல்கிறது.

இதுவரை எல்லாம் கணக்கு. எழுத்தென்று வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கணினியில் இருக்கும் எழுத்துருவை அப்படியே எடுத்து இந்த வித்தையைச் செய்தால், கோடு எழுத்தை எழுதாது. எழுத்தின் விளிம்பைச் சுற்றிவந்து உள்ளே கூடாக விட்டுவிடும். காரணம், எழுத்துருவில் இருப்பது ஒவ்வோர் எழுத்தின் வெளிக்கோடு மட்டுமே. கை எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் திரும்பியது, எங்கே எடுத்தது என்ற செய்தி அதில் இல்லை. ஆகவே எழுத்தின் நடுவே பேனா போகும் வழியை ஒருவர் உட்கார்ந்து வரைந்தாக வேண்டும்.

தடித்தும் மெலிந்தும் வரும் அலங்கார எழுத்துக்கு இன்னொரு படி வேண்டும். நடுவழிக் கோட்டை, எழுத்தின் மிகத் தடித்த பகுதியையும் மூடும் அளவுக்கு அகலமாக்கி, அதை முகமூடியாகப் பயன்படுத்துவார்கள். முகமூடி நகர்ந்த இடத்தில் மட்டும் அடியிலிருக்கும் உண்மையான எழுத்து தெரியும். பார்ப்பவருக்குப் பட்டைப் பேனா அழுத்தியும் இழுத்தும் எழுதுவது போல இருக்கும். கோடு தன்னையே வெட்டிக்கொள்ளும் சுழிகளில் இது காலை வாரிவிடும். அகலமான முகமூடி, பேனா இன்னும் வந்து சேராத பக்கத்துக் கோட்டையும் கொஞ்சம் திறந்துவிடும். அந்த இடத்தில் எழுத்தையும் வழியையும் துண்டாக வெட்டித்தான் சரிசெய்ய வேண்டும்.

தமிழில் இந்த வேலை இன்னும் நுணுக்கம். ‘க்’ என்று எழுதக் கை ஒருமுறை மேலே எழும்ப வேண்டும். எழுத்தையும் புள்ளியையும் ஒரே பாதையாக வைத்தால், துண்டுக் கணக்கு ஒவ்வொரு உட்பாதையிலும் புதிதாகத் தொடங்கும் என்பது எஸ்விஜியின் விதி. ககரமும் புள்ளியும் ஒரே நேரத்தில் கிளம்பிவிடும். புள்ளியைத் தனியாகப் பிரித்து, எழுத்து முடிந்த பிறகு வரும்படி தாமதம் கொடுக்க வேண்டும். ‘கொ’வைக் கணினி முதலில் ககரமாகவும் பின்னர் ஒகரக் குறியாகவும் சேமிக்கிறது. கையோ கொம்பு, ககரம், கால் என்று இடமிருந்து வலமாகப் போகிறது. எழுதிக் காட்டும்போது கணினியின் வரிசையை விட்டுவிட்டுக் கையின் வரிசையைத்தான் பிடிக்க வேண்டும்.

வரிசை சரியாக அமைந்தாலும் வேகம் மிச்சம். ஒரே சீரான வேகத்தில் ஓடும் கோட்டில் உயிர் இருக்காது. லக்குவானிட்டி, டெர்சுவோலோ, விவியானி ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 1983இல் இதற்கொரு விதியைச் சொன்னார்கள். வளைவு இறுக இறுகக் கை வேகம் குறைகிறது. வளைவின் ஆரம் எட்டு மடங்கு பெரிதானால் வேகம் சுமார் இரண்டு மடங்காகிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் ‘ண’வின் சுழிகளில் பேனா தயங்க வேண்டும், நீண்ட கோட்டில் பாய வேண்டும். இந்தத் தயக்கத்தைக் கொடுத்துவிட்டால் போதும், பார்ப்பவர் மனம் உடனே ‘இது கை’ என்று ஏற்றுக்கொள்கிறது. அதற்கு மூளையிலும் ஒரு தடயம் உண்டு. எழுத்துகளை வெறுமனே பார்க்கும்போதே, எழுதும்போது இயங்கும் முன்னியக்கப் பகுதி செயல்படுவதை மரீக் லோங்காம் குழுவினர் 2003இல் மூளை வரைபடங்களில் கண்டனர். எழுத்தைப் போலத் தோன்றும் போலி வடிவங்களுக்கு அந்தப் பகுதி அப்படி இயங்கவில்லை.

அதனால் இதை வெறும் அலங்காரமாக நான் பார்க்கவில்லை; எழுதக் கற்றுக்கொடுக்கவும் இது உதவும். ஜப்பானிய எழுத்துகளுக்கு காஞ்சிவிஜி என்ற திறந்த தொகுப்பு இருக்கிறது. அதிலுள்ள ஒவ்வொரு காஞ்சி எழுத்தின் கோடுகளும் எழுதும் வரிசையிலேயே எஸ்விஜி பாதைகளாக உள்ளன. யார் வேண்டுமானாலும் எடுத்து, படிக்கும் பிள்ளைக்கு எழுதிக் காட்டலாம். தமிழுக்கும் இப்படி ஒரு தொகுப்பு செய்யலாம். தமிழில் 247 எழுத்துகள் என்று கேட்டால் மலைப்பாக இருக்கும். உண்மையில் வரைய வேண்டியவை அவ்வளவு இல்லை. உயிர் 12, ஆய்தம், அகரமேறிய மெய் 18, தனியாக நிற்கும் கால், கொம்பு போன்ற குறிகள், ஒரு புள்ளி. இவற்றோடு ‘மு’, ‘ரூ’ போல எழுத்தோடு ஒட்டியே பிறக்கும் உகர ஊகார வடிவங்கள் 36, பிறகு ‘டி’, ‘டீ’. எல்லாம் சேர்த்தாலும் எண்பதைத் தாண்டாது. வரைகலை தெரிந்த ஒருவர், ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைய வேண்டிய வேலை இது. ‘இ’யை எங்கே தொடங்குவது, ‘ஐ’யில் கை எப்போது திரும்புகிறது என்பதைச் சரியாகச் சொல்லக்கூடியவர் அந்த ஆசிரியர்தான்.