வழக்கம் அறத்தின் அளவுகோலா?

விழுப்புரம் அருகே மேல்பாதி கிராமத்தில் உள்ள தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்கு 2023 ஜூன் 7 அன்று வருவாய்த் துறையினர் சீல் வைத்தனர். அவ்வாண்டு ஏப்ரல் திருவிழாவின்போது கோயிலுக்குள் சென்ற பட்டியல் சாதியினர் தாக்கப்பட்டதே அதற்குத் தொடக்கம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மார்ச்சில் பூசைக்கு மட்டும் நடை திறக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 17 அன்றுதான் அம்மக்கள் உள்ளே சென்று வழிபட முடிந்தது.

சட்டத்தில் ஐயம் ஏதும் இருக்கவில்லை. சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-லேயே வந்தது. அரசமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆயினும், ‘இது எங்கள் ஊர் வழக்கம்’ என்ற பதில் இன்றும் ஒலிக்கிறது. அதனுள் ஒரு பழைய தத்துவக் கேள்வி இருக்கிறது: நன்று, தீது என்பவை ஊருக்கு ஊர் மாறும் உடன்பாடுகளா, எவருக்கும் பொதுவான உண்மைகளா?

முதல் தரப்பை எளிதில் தள்ளிவிட இயலாது. தத்துவ அறிஞர் ஜே.எல்.மேக்கி 1977-இல், சமூகங்களின் ஒழுக்க வேறுபாடுகளையும் ஒரு சான்றாகக் காட்டி, புறநிலையான அறம் என ஒன்றில்லை என்றார். தம் அறமே உலகின் அறம் என்று நம்பியோர் பிற நாடுகளை அடிமைப்படுத்திய வரலாறும் உண்டு.

ஆனால், ‘ஊர் வழக்கம்’ என்னும்போது ஊர் என்பது யார்? வாசலில் நிறுத்தப்பட்டோரும் அவ்வூராரே. பெரும்பான்மையோர் வழக்கமே அறம் எனில், அதை எதிர்த்த சீர்திருத்தவாதிகள் அனைவரும் அறம் பிறழ்ந்தவர்களாவர். சட்டமே அறம் எனில், 1947-க்கு முன் விலக்கியது சரியென்றாகிவிடும். இரண்டையும் நாம் ஏற்பதில்லை. ஆகவே, வழக்கத்தையும் சட்டத்தையும் எடைபோடும் அளவுகோல் அவற்றுக்கு அப்பால் இருந்தாக வேண்டும்.

அது எட்டாத ஒன்றன்று. விலக்குவோர், தாம் விலக்கப்பட்டோராகப் பிறந்திருந்தாலும் ஏற்கக்கூடிய காரணத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டால் போதும். உணவிலும் மணமுறையிலும் உள்ள வேறுபாடுகள் பல இச்சோதனையில் தேறும். பிறப்பைக் காட்டி விலக்குவது தேறாது.

அரசமைப்பு அறம் இயல்பாக வருவதன்று, வளர்க்கப்பட வேண்டியது என்று 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கூறினார். மேல்பாதியில் அந்த வழிபாடு பலத்த போலீஸ் பாதுகாப்புடன்தான் நடந்தது. நீதிமன்றத்தால் கதவைத் திறக்க முடிந்தது; பாதுகாப்புத் தேவைப்படாத நாளை ஊரார்தான் உருவாக்க வேண்டும்.