நிற்கும் முன்னே படுக்கப் பழகுவோம்

பெருநகரங்களில் வளரும் நம் வாலிபப் பிள்ளைகளில் சிலர் விடுமுறை நாட்களில் அலைச்சறுக்கு கற்கச் செல்கிறார்கள். மங்களூருக்கு வடக்கே முல்கி, கேரளத்தில் வர்க்கலை, சென்னைக்குத் தெற்கே கோவளம் ஆகிய கடற்கரைகளில் இதற்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது. 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது.

ஆவலோடு செல்லும் அநேகர், "எனக்கு இது வராது" என்று இரண்டே நாட்களில் சோர்ந்துவிடுகிறார்கள். குறை உடல் பலத்தில் அல்ல, எழுந்து நிற்கக் காட்டும் அவசரத்திலேயே இருக்கிறது. நிற்கையில் வெளிப்படும் பிழைகளில் பல, பலகைமேல் படுத்திருக்கையிலேயே தொடங்கிவிடுகின்றன.

1. பலகை: சிறிய பலகை அழகாய்த் தோன்றும், ஆனால் நிலைகொள்ளாது. புதியவருக்கு எட்டு அல்லது ஒன்பது அடி நீளமுள்ள, மேற்பரப்பு மென்மையான பலகையே ஏற்றது.

2. படுக்கும் இடம்: அதிகம் முன்னே படுத்தால் பலகையின் முனை நீருக்குள் குத்தி, ஆளைக் கவிழ்த்துவிடும். அதிகம் பின்னே படுத்தால் முனை உயர்ந்து வேகம் குறையும். அலை நம்மை விட்டுக் கடந்துபோகும். முனை நீருக்குச் சற்று மேலே நிற்பதே சரியான நிலை.

3. கைவீச்சு: அலை பலகையைத் தூக்கியவுடன் பலர் கைவீச்சை நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் இரண்டு மூன்று முறை நீரை வலித்துத் தள்ளிய பிறகே எழ வேண்டும்.

4. எழும் முறை: விளிம்புகளைப் பிடித்து எழுந்தால் பலகை சாயும், முழங்காலில் எழுந்தால் அங்கேயே நின்றுவிடுவோம். உள்ளங்கைகளை மார்பருகே பலகைமேல் ஊன்றி, இரு பாதங்களையும் ஒரே அசைவில் உடலுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். இதை முதலில் மணலிலேயே பலமுறை பழகுவது நல்லது.

5. பார்வை: பாதங்களைப் பார்ப்பவர் முன்னே சரிவார். கண்கள் கரையை நோக்கட்டும்; இடுப்பல்ல, முழங்கால்கள் மடங்கட்டும்.

விழுவதற்கும் முறை உண்டு. ஆழமற்ற நீரில் தலைகுப்புறப் பாய்ந்தால் கழுத்து முறியக்கூடும். உடலைப் பரப்பி விழுந்து, மேலே வருகையில் கைகளால் தலையை மூடிக்கொள்ள வேண்டும். கணுக்காலில் கட்டிய கயிறு பலகையை நம்மிடமே இழுத்துவரும். நீச்சல் அறியாதவர்களும், பயிற்சியாளர் இன்றி வருபவர்களும் இதில் இறங்கலாகாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கடற்கரை கொந்தளிக்கும். அது புதியவருக்குரிய காலமல்ல.

பெற்றோரே, திரும்பிவரும் பிள்ளையிடம், "எழுந்து நின்றாயா?" என்று முதலில் கேளாதிருங்கள். "எங்கே படுத்தாய்? எங்கே பார்த்தாய்?" என்று கேளுங்கள். அப்பிள்ளை சோர்வின்றி மறுபடியும் முயலும்.