குறுந்தொகை ஊடாட்ட மின்னூல்: மாணவர் திட்டப்பணியில் உருவாக்கமும் சோதனையும்

முன்னுரை

அச்சுப் பக்கங்களைப் படமாக்கித் திரையில் தருவது மின்னூலின் தொடக்க நிலையாகும். படிப்பவரின் செயலுக்கேற்ப உரை, ஒலி, வினா ஆகியன விரியுமாறு அமைவது ஊடாட்ட மின்னூல். இதனைத் திட்டப்பணியாக மேற்கொள்ளும் மாணவர் எதிர்கொள்ளும் சிக்கல்கள் கணினி சார்ந்தனவாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றன. அவற்றுள் முதன்மையானவை பதிப்பும் இலக்கணமும் சார்ந்தவை என்பதைக் குறுந்தொகையைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

மூலத்தேர்வு

குறுந்தொகை, கடவுள் வாழ்த்து நீங்கலாக, 401 பாடல்களைக் கொண்டது. அவை பெரும்பாலும் 4 முதல் 8 அடிகளுக்குள் அமைவதால் திரைக்கு ஒரு பாடல் என்னும் அமைப்பு இயல்பாகப் பொருந்துகிறது. சௌரிப்பெருமாள் அரங்கனார் 1915இலும் உ.வே.சாமிநாதையர் 1937இலும் இந்நூலைப் பதிப்பித்தனர். எப்பதிப்பு மூலமாகக் கொள்ளப்பட்டது என்பதை மின்னூல் தெளிவாகக் குறிப்பிடவேண்டும். பாடவேறுபாடுகளை விடுத்து ஒரே பாடத்தைத் தரும் திரை, அதுவே முடிந்த பாடம் என்னும் எண்ணத்தை மாணவரிடம் தோற்றுவிக்கும். தொட்டால் வேறுபாடம் விரியும் அமைப்பு இக்குறையைத் தவிர்க்கும்.

எழுத்தும் புணர்ச்சியும்

மூலம் ஒருங்குறியில் பிழையின்றி அமைதல் இன்றியமையாதது. அலரைக் குறிக்கும் 'கௌவை' என்னும் சொல்லில் ஔகாரக் குறிக்கு மாற்றாக எகரக் குறியும் ளகரமும் தட்டச்சு செய்யப்படின், கண்ணுக்கு வேறுபாடு புலப்படாது. ஆயினும் தேடலில் அச்சொல் அகப்படாது. திரைபடிப்பானும் அதனைத் தவறாக ஒலிக்கும்.

சொற்பொருளுக்கு இணைப்பு அமைப்பதில் புணர்ச்சி இடையூறாகிறது. 'மலரடி' என்பதில் நிலைமொழியின் ரகர மெய்யும் வருமொழியின் அகர உயிரும் ஓரெழுத்தாகி நிற்கின்றன. இணைப்பை அவ்வெழுத்தின் இடையே பிரித்து அமைக்க இயலாது. 'கற்றூண்' என்பதில் 'தூண்' என்னும் தேடல் பயன் தராது. எனவே மூலபாடம், சந்தி பிரித்த பாடம் ஆகிய இரண்டையும் தனித்தனியே அமைத்து, இணைப்பைப் பின்னதில் தருவதே முறையாகும்.

வடிவம்

2011இல் வெளியான ஈபப் 3 தரம் ஒலி, காணொலி, நிரலாக்கம் ஆகியவற்றை ஏற்கிறது. எனினும் நிரல்களை இயக்குதல் படிப்புச் செயலிகளுக்குக் கட்டாயமன்று. ஆகவே நிரல்வழி இயங்கும் ஒவ்வொரு வினாவிற்கும் விடைப்பக்க இணைப்பு ஒன்றை மாற்றாக வைத்தல் வேண்டும்.

சோதனை

சோதனை மூன்று படிநிலைகளில் அமையும். முதலாவது, ஈபப்செக் கருவியால் கோப்பின் அமைப்பைச் சரிபார்த்தலும் வெவ்வேறு கருவிகளில் திறந்து பார்த்தலும். இரண்டாவது, பாடவல்லுநர் அச்சுப் பதிப்புடன் எழுத்தெழுத்தாக ஒப்பிடுதல். மூன்றாவது, பயனர் சோதனை. குறிப்பிட்ட பணிகளை ஐந்து பயனர்க்குக் கொடுத்து நோக்கினாலே பயன்பாட்டுக் குறைகளுள் பெரும்பகுதி வெளிப்படும் என்பது யாக்கோபு நீல்சனின் கருத்து. ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய பயன்பாட்டு எளிமை அளவுகோல் 10 கூற்றுகளின் வழி 0 முதல் 100 வரை மதிப்பெண் தருகிறது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. மேற்கூறிய அளவுகோல் பயன்பாட்டின் எளிமையை அளக்கிறதேயன்றிக் கற்றலை அளப்பதில்லை. ஒரே குழுவிற்கு முன்தேர்வும் பின்தேர்வும் நடத்திப் பெறும் உயர்வையும் மின்னூலின் பயன் என்று உறுதிப்படுத்த இயலாது. ஆசிரியரின் விளக்கமும் தேர்வுப் பழக்கமும் அதற்குக் காரணமாகலாம். அதே பாடல்களை அச்சில் பயிலும் ஒப்பீட்டுக் குழுவும், சில வாரம் கழித்து நடத்தும் நினைவுத் தேர்வும் தேவை. சிறு எண்ணிக்கையிலான மாணவரிடம் பெற்ற முடிவைப் பொதுமைப்படுத்தலும் கூடாது.

முடிவுரை

தொட்டவுடன் பொருள் தோன்றும் வசதி, உள்ளுறையையும் இறைச்சியையும் தாமே உய்த்துணரும் பயிற்சியை மாணவரிடமிருந்து பறித்துவிடவும் கூடும். ஆகவே கூற்று, திணை, கருப்பொருள் ஆகியவற்றை மாணவர் இனங்கண்ட பின்னரே உரை விரியுமாறு அமைத்தல் நன்று. எதனை உடனே காட்டுவது, எதனைக் காத்திருந்து காட்டுவது என்னும் இம்முடிவு உரையாசிரியர் பணியை ஒத்தது. அதனை மேற்கொள்ளத் தமிழ் பயின்றவரின் பங்கு இன்றியமையாததாகிறது.