உங்களுக்குத் தெரியுமா? வேட்பாளராக நிற்காமலே முதல்வர் ஆனவர்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் 1935 ஆகஸ்ட் 22-ல் தேர்தல். பொருளாதாரப் பெருமந்தத்தில் கோதுமை விலை படுத்துவிட, விவசாயிகள் கடனில் தத்தளித்த காலம். கால்கரி நகரப் பள்ளித் தலைமையாசிரியர் வில்லியம் ஏபர்ஹார்ட், ஞாயிறுதோறும் வானொலியில் பைபிள் பிரசங்கம் செய்பவர். பிரசங்கத்தோடு பொருளாதாரத்தையும் கலந்தார்: வயதுவந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 25 டாலர்! கேட்கக் கசக்குமா?

அவருடைய சோஷியல் கிரெடிட் கட்சி 63 இடங்களில் 56-ஐ அள்ளியது. 1921 முதல் ஆண்ட விவசாயிகள் கட்சிக்கு ஓர் இடம்கூட இல்லை. ஏபர்ஹார்ட் போட்டியிடவே இல்லை. முதல்வரான பிறகு இடைத்தேர்தலில்தான் சட்டமன்றம் புகுந்தார்.

25 டாலர் கடைசிவரை வரவில்லை. 1936-ல் வந்தது ‘செழிப்புச் சான்றிதழ்’ என்ற ஒரு டாலர் தாள். அது செல்லுபடியாக, வாராவாரம் பின்பக்கம் ஒரு சென்ட் வில்லை ஒட்ட வேண்டும். பணத்தைப் பூட்டிவைக்காமல் செலவழிக்க வைக்கும் உபாயமாம்!

சட்டமன்ற உறுப்பினர்களைத் திரும்ப அழைக்கும் சட்டத்தையும் அவர் அரசே கொண்டுவந்தது. அவருடைய தொகுதி மக்களே அவரைத் திரும்ப அழைக்கக் கையெழுத்து திரட்ட, 1937-ல் அந்தச் சட்டம் ரத்தானது. ஆனாலும் சோஷியல் கிரெடிட் கட்சி 1971 வரை ஆட்சியில் இருந்தது.