மேசைமேல் ஒரு வான்போர்

சதுரங்கம் ஆடுவோர் யானையையும் குதிரையையும் கட்டங்களில் நடத்துதல்போல, சிறு விமான உருவங்களைக் கொண்டு மேசைமேல் வான்போர் நிகழ்த்தும் ஆட்டம் ஒன்று மேனாடுகளில் உண்டு. அதன் முறையைக் காண்போம்.

மேசைமேல் விரித்த தாளில், தேன்கூட்டின் அறைகளைப்போல ஆறு பக்கங்களையுடைய கட்டங்கள் வரையப்பட்டிருக்கும். சிறு தாங்கியின்மேல் நிறுத்திய விமானம், தன் வேகத்திற்கேற்ற கட்டங்களைக் கடக்கும். அது பறக்கும் உயரத்தை அருகில் வைத்த எண் காட்டும். மேலே ஏறினால் வேகம் குறையும். கீழே பாய்ந்தால் மிகும். ஆதலின், உயரத்தில் இருப்பவனுக்கே வாய்ப்பு மிகுதி. இருவரும் தத்தம் நகர்வை மறைவாக எழுதிவைத்து, பின்னர் ஒருங்கே நகர்த்துவர். குண்டு பட்டதா, தவறியதா என்பதைப் பகடை கூறும். போரில் திறமையோடு தற்செயலும் கலந்திருத்தலின், பகடை இன்றியமையாததாயிற்று.

இத்தகைய ஆட்டங்களுக்கு முன்னோடி, பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரியான ரைஸ்விட்ஸ் என்பார் 1824-இல் வெளியிட்ட போர் ஆட்டமாகும். அதிலும் பகடை உண்டு. தீர்ப்புக் கூற நடுவரும் உண்டு. பின்னர்ப் பல நாட்டுப் படைகளும் இதனைப் பயிற்சியாக மேற்கொண்டன.

1942 மே மாதத்தில் ஜப்பானியக் கடற்படையினர், பசிபிக் மாகடலிலுள்ள மிட்வே தீவைத் தாக்கும் திட்டத்தை, யமாட்டோ என்னும் போர்க்கப்பலில் இவ்வாறு ஆடிப் பார்த்தனர். தீவிலிருந்து வரும் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசுவதாகக் கொண்டு நடுவர் பகடையை உருட்டினார். ஒன்பது குண்டுகள் பட்டன. அகாகி, காகா என்னும் விமானந்தாங்கிக் கப்பல்கள் இரண்டும் மூழ்கினவெனத் தீர்ப்பாயிற்று. ஆட்டத்திற்குத் தலைமை தாங்கிய உகாகி என்னும் தளபதி இதனை ஒப்பவில்லை. ஒன்பதை மூன்றாகக் குறைத்தார். அகாகி தப்பியது. மூழ்கிய காகாவும் அடுத்த ஆட்டத்தில் மீண்டும் மிதந்தது! நடுவராக இருந்தவரே, தாம் பிறரோடு இணைந்தெழுதிய நூலில் இதனைக் கூறியுள்ளார்.

ஜூன் 4-ஆம் நாள் உண்மைப் போர் மூண்டது. அமெரிக்கக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் செங்குத்தாகப் பாய்ந்து குண்டு வீசின. அகாகி, காகா, சோரியு, ஹிரியு என்னும் நான்கு கப்பல்களையும் ஜப்பான் இழந்தது. அந்நாட்டு வீரர் ஏறத்தாழ 3,000 பேர் மாண்டனர்.

இத்தோல்விக்குக் காரணங்கள் பல. ஜப்பானியரின் மறைமொழியை அமெரிக்கர் அறிந்துகொண்டமை அவற்றுள் ஒன்று. கப்பல்களை அழித்தவையும் அன்றைய ஆட்டத்தில் எண்ணிய தீவு விமானங்கள் அல்ல. ஆயினும், வானிலிருந்து தம் கப்பல்களுக்குப் பெருங்கேடு நேரலாம் என்னும் எச்சரிக்கை ஆட்டத்திலேயே கிட்டிற்று. அவர்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை.

மேசைமேல் மூழ்கிய கப்பலைக் கையால் எடுத்து மீண்டும் வைக்கலாம். கடலில் மூழ்கிய கப்பல் மீளாது. ஆதலின், ஆட்டத்தில் தோல்வி நேர்ந்தால் எண்ணை மாற்றாது, காரணத்தை ஆராய்வதே அறிவுடைமையாகும்.